சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்ப: புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூர் வந்து முதல் சம்பளம் கணக்கில் ஏறியதும் அடுத்த வேலை ஊருக்கு அனுப்புவதுதான். எப்படி அனுப்புவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டார்மில் பக்கத்துக் கட்டில்காரர் தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) ஒரு கடையைச் சொல்வார், சூப்பர்வைசர் ஒரு ஆப்பைச் சொல்லிவிட்டுத் தன் ரெஃபரல் கோடையும் கையோடு அனுப்பிவைப்பார், ஊர்க்காரர் ஒருவர் "கடைக்கெல்லாம் எதுக்குத் தம்பி, என்கிட்ட குடு, சாயங்காலத்துக்குள்ள வீட்டுல காசு இருக்கும்" என்பார். மூன்று பேருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் மூவரும் சொல்வது ரேட்டை மட்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். என் கையிலிருந்து மொத்தம் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போகிறது? ஊர்க் கணக்கில் கடைசியில் எத்தனை ரூபாய் விழுகிறது? அந்த ரூபாய் யார் பெயரிலிருந்து வந்து விழுகிறது? முதல் இரண்டும் செலவைச் சொல்லிவிடும், மூன்றாவது ஆபத்தைச் சொல்லிவிடும். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இது சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்காக எழுதியது. துபாயிலோ கத்தாரிலோ இருப்பவர்களுக்கு இந்திய வங்கி பற்றிய சங்கதிகள் அப்படியே பொருந்தும், கடைகளும் சட்டமும் வேறு.

முதலில் ஊர்க் கணக்கைப் பாருங்கள்

ரேட் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. பணம் நடுவழியில் மாட்டிக்கொண்டது என்று கேள்விப்படும் கதைகளில் பல, விசாரித்தால் ஊர் வங்கிக் கணக்கில் போய் முடியும்.

அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருக்கும் கணக்கு எந்த வகை என்று வங்கியில் ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். சரியான ஆவணம் இல்லாமல், போட்டோவும் கையெழுத்தும் மட்டும் கொடுத்துத் திறந்த 'சிறு கணக்கு' என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வருடத்துக்கு மொத்தமே 1 லட்ச ரூபாய்தான் வரவு வரலாம், எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கேஒய்சி (வங்கி கேட்கும் அடையாளச் சரிபார்ப்பு) முழுதாக முடிக்காதவரை வெளிநாட்டுப் பணத்தை அதில் வரவு வைக்கவே கூடாது என்பது விதி. ஆதார், பான் கொடுத்து கேஒய்சி முடித்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். அதேபோல இரண்டு வருடமாக யாரும் தொடாத கணக்கு செயலற்ற கணக்காகியிருக்கும், அதற்கும் வங்கியில் கேஒய்சியைப் புதுப்பித்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். வயதான அம்மாவை அலையவிடாமல், நீங்கள் கிளம்புவதற்கு முன்பே கூட்டிப்போய் முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டுக்கு அப்பா பெயர் முழுசாக. பாஸ்புக்கில் க. செல்வி என்று இருக்கும், ஆதாரில் செல்வி கருப்பையா என்று இருக்கும், நீங்கள் ஆப்பில் வெறும் செல்வி என்று போட்டிருப்பீர்கள். சில வங்கிகள் இதையெல்லாம் பார்த்து நிறுத்திவைத்து விளக்கம் கேட்கும், சில வங்கிகள் கண்டுகொள்ளாது. எந்த வங்கி எப்படி என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை, பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அதில் இருக்கும் எழுத்துகளை அப்படியே, இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால், போடுங்கள். கணக்கு எண்ணைப் போனில் வாய்மொழியாகக் கேட்டு எழுதவே எழுதாதீர்கள். பெயர் பொருந்தாவிட்டாலும், கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைத்துவிடுவது இந்தியாவில் நடக்கிற காரியம்தான், ஒரு இலக்கம் தப்பினால் யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

பழைய பாஸ்புக் என்றால் ஐஎஃப்எஸ்சி கோடையும் (எந்த வங்கி, எந்தக் கிளை என்று காட்டும் குறியீடு) சரிபார்க்க வேண்டும். பதினோரு எழுத்து எண்கள் கொண்டது, முதல் நான்கு வங்கியின் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம் (ஆங்கில ஓ எழுத்து இல்லை, இதில் தடுக்கி விழுபவர்கள் நிறைய). 2020 ஏப்ரலில் பல அரசு வங்கிகள் ஒன்றாகின. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கரூர்க்காரர்களின் லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைந்தது. இந்த வங்கிகளில் கணக்கு இருந்தால் பழைய பாஸ்புக்கில் அச்சடித்திருப்பதை நம்பாமல் கிளையில் புதிய கோடு வாங்குங்கள்.

யார் கணக்குக்கு அனுப்புவது, அம்மாவுக்கா மனைவிக்கா என்பது அவரவர் வீட்டு அரசியல், அதற்குள் நான் வரவில்லை. ஆனால் உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு விஷயம் உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போனவர் தன் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி. ஊரில் வரும் வாடகை, பழைய பிஎஃப், நிலம் விற்ற பணம் போன்றவை அதில் போகலாம், வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துவிடுவார்கள். இங்கே சம்பாதித்ததைச் சேமிக்க என்ஆர்இ கணக்கு திறப்பதுதான் லாபம். அதில் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, வேண்டும்போது முழுப் பணத்தையும் வெளிநாட்டுக்குத் திருப்பி எடுக்கலாம். வைப்புத்தொகை போட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்தால்தான் வட்டி. ஊர்ப் பணத்தை என்ஆர்இ கணக்கில் நேராகப் போட முடியாது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கான கணக்கு அது. அதனால் அனுப்பும் கடையோ ஆப்போ என்ஆர்இ கணக்குக்கு அனுப்புமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பணம் திரும்பி வரும்.

மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன், சேமிப்பெல்லாம் இப்போதைக்கு இல்லை என்பவர் என்ஆர்இ பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். மனைவியின் சாதாரண சேமிப்புக் கணக்கே போதும்.

ரேட்டும் கமிஷனும்

கூகுளில் ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று தேடினால் வருவது சந்தை விலை. அந்த விலையில் உங்களுக்கு யாரும் மாற்றித் தரமாட்டார்கள், தந்தாலும் கமிஷனைத் தனியாக வாங்கிவிடுவார்கள். அனுப்புகிறவர் சம்பாதிப்பது இரண்டு வழியில்தான், ஒன்று வெளிப்படையாக வாங்கும் கமிஷன், இன்னொன்று ரேட்டுக்குள் ஒளித்துவைக்கும் வித்தியாசம். 'கமிஷன் இல்லை' என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கும் இடத்தில் இரண்டாவது இருக்கும்.

புரிவதற்காக ஒரு கணக்கு போடுவோம். சந்தை விலை 65 ரூபாய் என்று வையுங்கள். முதல் கடை 64.90 தருகிறது, கமிஷன் 5 வெள்ளி. இரண்டாவது கடை 64.20 தருகிறது, கமிஷன் கிடையாது. உங்கள் கையில் 1,000 வெள்ளி. முதல் கடையில் கமிஷன் போக 995 வெள்ளி மாறும், ஊருக்கு 64,575 ரூபாய் போகும். இரண்டாவதில் 64,200 போகும். முதல் கடைதான் லாபம், 375 ரூபாய் கூட. இப்போது அதே இரண்டு கடையில் 300 வெள்ளி மட்டும் அனுப்பிப் பாருங்கள். முதலாவதில் 19,145, இரண்டாவதில் 19,260. இப்போது கமிஷன் இல்லாத கடை முந்திவிட்டது. இந்த உதாரணத்தில் சுமார் 460 வெள்ளிக்குக் கீழே அனுப்பினால் ஒரு கடை, மேலே அனுப்பினால் இன்னொரு கடை. அதனால் நண்பருக்கு லாபமாக இருக்கும் இடம் உங்களுக்கும் லாபமாக இருக்க வேண்டும் என்று இல்லை, அவர் அனுப்பும் தொகையும் உங்களுடையதும் ஒன்றா என்று பாருங்கள்.

கடையில் ரேட் என்ன என்று கேட்காதீர்கள். "ஆயிரம் வெள்ளியை இப்போ உங்க கையில குடுத்தா, எல்லாம் போக ஊர்ல எத்தனை ரூபாய் விழும்?" என்று கேளுங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே தொகையை வைத்து இரண்டு மூன்று இடத்தில் கேட்டால் போதும். ஆப்களில் முதல் முறை அனுப்புபவருக்கு என்று ஒரு ஸ்பெஷல் ரேட் இருக்கும், அதைப் பார்த்து மயங்கி அங்கேயே தங்கிவிடாதீர்கள், இரண்டாவது மாதம் என்ன தருகிறார்கள் என்பதுதான் உண்மையான ரேட்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் சொல்ல வேண்டும். லீவு என்பதால் எல்லோரும் தேக்காவுக்குப் போவது அன்றுதான், காய்கறி, பிரியாணி, நண்பர்கள், பணம் அனுப்புவது எல்லாம் ஒரே நடையில் முடியும். ஆனால் அந்நியச் செலாவணிச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். திங்கள் காலை விலை எப்படித் திறக்கும் என்று தெரியாததால், அனுப்புகிற நிறுவனங்கள் பாதுகாப்புக்காக வார இறுதி ரேட்டைக் கொஞ்சம் குறைத்து வைப்பது உண்டு. போனிலேயே அனுப்பத் தெரிந்தவர் செவ்வாயோ புதனோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பலாம். தேக்காவுக்கு அப்புறம் பிரியாணிக்கு மட்டும் போகலாம்.

எந்த வழி

தேக்காவில் சிராங்கூன் ரோட்டையும் அதன் கிளைத் தெருக்களையும் சுற்றி நிறையக் கடைகள். பெர்மிட் கார்டு, ஊர்க் கணக்கு விவரம், பணம் இருந்தால் போதும், தமிழிலேயே பேசி ஃபாரம் எழுதிக் கொடுப்பார்கள். ஆப் பயன்படுத்தத் தயக்கம் உள்ளவருக்கு முதல் சில மாதம் இதுவே நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை, நோட்டு மாற்றிக் கொடுக்கும் உரிமம் வேறு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் உரிமம் வேறு. முதலாவது மட்டும் வைத்திருக்கும் கடையும் அங்கே இருக்கிறது.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி இரண்டுக்கும் சிங்கப்பூரில் கிளை உண்டு. 1937இல் சிதம்பரம் செட்டியார் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோதே காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடத்தில் ஒரே நாளில் திறந்தார், கடல் கடந்து போகும் பணத்துக்காகவே உருவான வங்கி அது. ஊரில் அதே வங்கியில் கணக்கு இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ரேட்டை மற்ற இடங்களோடு ஒப்பிட்ட பிறகு.

சம்பளம் பிஓஎஸ்பி அல்லது டிபிஎஸ் கணக்கில் வருகிறது என்றால் அந்த ஆப்பிலேயே இந்தியாவுக்குக் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம். பணத்தை வெளியே எடுக்காமல், வரிசையில் நிற்காமல் முடிந்துவிடும். கட்டணம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று மேலே பார்த்தோமே, அதே கணக்கை இங்கேயும் போடுங்கள்.

வைஸ், இன்ஸ்டாரெம் போன்ற ஆப்கள் இன்னொரு வகை. ஆயிரம் வெள்ளி அளவில் ஒப்பிட்டால் இவை முன்னால் நிற்பது அடிக்கடி நடக்கும். சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் டிஜிட்டல் அடையாளம்) மூலம் பதிவு செய்தால் சீக்கிரம் முடியும், பாஸ் கார்டு படம் கேட்டால் ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அவசரத்துக்கு அனுப்ப வேண்டிய நாளில் உட்கார்ந்து பதிவு செய்யாதீர்கள், சும்மா இருக்கும் ஒரு நாளில் செய்து வையுங்கள். கிரெடிட் கார்டிலிருந்து பணம் போட வசதி இருந்தாலும் போடாதீர்கள், கார்டு வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கு வைத்து அன்றிலிருந்தே வட்டி போடக்கூடும்.

சின்னத் தொகைக்கு, போனிலேயே பணம் போடும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் சேர்க்கும் இணைப்பு இருக்கிறது. 2023 பிப்ரவரி 21 அன்று இரண்டு நாட்டு மத்திய வங்கிகளும் சேர்ந்து தொடங்கியது. மனைவியின் யுபிஐ ஐடியை வைத்தே இங்கிருந்து சில நொடிகளில் அனுப்பலாம், கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் தேவையில்லை. எல்லா வங்கியும் இதில் இல்லை, நாளுக்கு ஏறத்தாழ 1,000 வெள்ளி என்ற அளவில்தான் உச்சவரம்பு. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இன்றைக்கே கட்ட வேண்டும், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்ற மாதிரி நேரத்துக்கு இதைவிட வேகமானது இல்லை.

வங்கிக்குப் போய் 'டிடி' (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், ஊரில் சொல்லும் டிமாண்ட் டிராஃப்ட் இல்லை) எனப்படும் பழைய ஸ்விஃப்ட் முறையில் வெள்ளியாகவே அனுப்புவது வீட்டுச் செலவுக்குச் சரிப்படாது. அனுப்பும் வங்கி ஒரு கட்டணம், நடுவில் வரும் வங்கி ஒரு கட்டணம், ஊர் வங்கி ரூபாயாக மாற்றும் ரேட்டில் ஒரு பிடிப்பு, அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி வேறு. 1 லட்ச ரூபாய் வரை மாற்றினால் அந்த ஜிஎஸ்டி, மாற்றும் தொகையில் 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். வீடு, நிலம் என்று பெரிய தொகை போகும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்கு வங்கியின் சான்று தேவைப்பட்டால் அப்போது யோசிக்கலாம்.

வங்கிக் கணக்கே இல்லாத பாட்டிக்கு அனுப்ப வேண்டும் என்றால் வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் மாதிரி ரொக்கமாக வாங்கும் வழி உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு முறைக்கு 2,500 அமெரிக்க டாலர் வரை, ஒருவர் ஒரு வருடத்தில் 30 முறை வரை வாங்கலாம், கையில் ரொக்கமாக 50,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டார்கள்.

உண்டியல்

ஊர்க்காரர் சொன்ன வழி இதுதான். இங்கே நீங்கள் வெள்ளியைக் கொடுப்பீர்கள், அங்கே அவருடைய ஆள் ரூபாயைக் கொடுப்பார். பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை, இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பின்னால் கணக்கு நேர்செய்துகொள்வார்கள். ரேட் கடையைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும், ஃபாரம் கிடையாது, ரசீதும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் அனுப்பினோம், ஒரு பைசா போனதில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காலம் மாறிவிட்டது, முன்பு அந்தப் பக்கத்து ஆள் மஞ்சப்பையில் நோட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார், இப்போது மனைவியின் கணக்கில் போடுகிறார். யாருடைய கணக்கிலிருந்து போடுகிறார் என்பதில்தான் வில்லங்கம்.

ஆன்லைன் மோசடியில் யாரோ ஒருவரிடம் அடித்த பணம், வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக இப்படிச் சுற்றி உங்கள் வீட்டுக் கணக்கில் வந்து விழலாம். பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுத்தால் போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் பின்தொடர்ந்து கணக்குகளை முடக்கும். புகார் குஜராத்திலோ தெலங்கானாவிலோ ஒரு ஸ்டேஷனில் இருக்கும், கணக்கு பட்டுக்கோட்டையில் முடங்கியிருக்கும், நீங்கள் துவாஸில் ஷிப்ட்டில் இருப்பீர்கள். "என் கணவர் சம்பாதித்து அனுப்பினது" என்று சொல்ல மனைவியிடம் ஒரு துண்டு ரசீது இருக்காது. ஒளிந்து அனுப்பி மிச்சப்படுத்திய இருநூறு முந்நூறு ரூபாய் அப்போது எந்த மூலைக்கு?

சட்டமும் கடுமையானது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 28 முதல் நடப்பில் இருக்கும் பணச் சேவைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்பவருக்கு 125,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தனக்கு அனுப்பும்போது கூட இருக்கும் நாலு பேர் பணத்தையும் வாங்கிச் சேர்த்து அனுப்பி, கொஞ்சம் கமிஷன் வைத்துக்கொள்வதை யாரும் பெரிய குற்றமாக நினைப்பதில்லை, ஆனால் அதைத் தொழிலாகச் செய்தால் இதற்குள்தான் வரும். இந்தியாவில் ஃபெமா விதிமீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். குருவியாக, அதாவது காசையும் பொருளையும் கையில் கொண்டுபோகும் ஆளாக, போகிறவர் கையில் கொடுத்தனுப்புவதும் இதே ரகம்தான், கஸ்டம்ஸில் அவர் மாட்டினால் உங்கள் பணமும் சேர்ந்து போகும்.

உரிமம் உள்ள இடம்தானா என்று பார்க்க சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் (எம்ஏஎஸ்) இணையதளத்தில் நிதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. கடையின் பெயரைப் போட்டுத் தேடி, எல்லை தாண்டிப் பணம் அனுப்பும் சேவை அவர்கள் உரிமத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்தவும் வேண்டாம். 2023இல் இங்கிருந்து சீனாவுக்குப் பணம் அனுப்பிய பலருடைய குடும்பக் கணக்குகள் அங்கே முடக்கப்பட்டன. அவர்கள் அனுப்பியது உரிமம் பெற்ற கடைகள் மூலம்தான், ஆனால் அந்தக் கடைகள் அந்தப் பக்கத்தில் வங்கி வழியாகக் கொடுக்காமல் மூன்றாம் ஆட்களை வைத்துப் பட்டுவாடா செய்திருந்தன. 2024 ஜனவரி 1 முதல் சீனாவுக்கு அப்படி அனுப்புவதை நாணய ஆணையம் நிறுத்தச் சொன்னது. நாம் அனுப்புவது இந்தியாவுக்குத்தான், ஆனால் பாடம் ஒன்றே, கடைக்கு உரிமம் இருப்பதைப் பார்த்த பிறகும் பணம் யார் பெயரில் வந்து விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

முதல் முறை அனுப்பும்போது

ஐம்பது வெள்ளி மட்டும் அனுப்புங்கள். கமிஷன் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. ஊரில் பணம் விழுந்ததும் பாஸ்புக்கில் பதிந்தோ வங்கி ஆப்பைத் திறந்தோ அந்த வரவின் வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வெறும் எஸ்எம்எஸ் போதாது. அதில் வங்கியின் பெயரோ நீங்கள் அனுப்பிய நிறுவனத்தின் பெயரோ அதன் கூட்டாளி நிறுவனத்தின் பெயரோ இருந்தால் சரி. முன்பின் தெரியாத ஒரு தனி ஆள் பெயரோ, சம்பந்தமே இல்லாத ஒரு டிரேடர்ஸ், ஜவுளிக்கடை பெயரோ இருந்தால் அந்தக் கடைக்கு அடுத்த மாதம் போகாதீர்கள், எவ்வளவு பழகியவர்களாக இருந்தாலும். இந்த ஒரு சோதனை பெரிய தலைவலியிலிருந்து காப்பாற்றும், செலவும் ஐம்பது வெள்ளியின் கமிஷன்தான்.

பணம் கட்டும் இடத்திலும் இதே கண் வேண்டும். கடைக்கோ ஆப்புக்கோ பேநவ் செய்யும்போது திரையில் வரும் பெயர் அந்த நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு யுஇஎன் என்ற பதிவு எண் இருக்கும், அதற்குத்தான் பேநவ் போகும். "கம்பெனி கணக்கு இன்னைக்கு வேலை செய்யல, இந்த நம்பருக்குப் போடுங்க" என்று ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் குடும்பச் செலவு என்று போடுங்கள், உண்மையும் அதுதானே. நண்பருக்குக் கடனாக அனுப்புவதைக் குடும்பச் செலவு என்று போட வேண்டாம். ஊரில் அப்பா, அம்மா, மனைவி, கூடப்பிறந்தவர்கள் வாங்கும் பணத்துக்கு அவர்களுக்கு வரி கிடையாது, எவ்வளவு ஆனாலும். சட்டப்படி உறவினர் அல்லாதவர் அன்பளிப்பாக வாங்கும் பணம் வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் அவர் வருமானத்தில் சேரும். மனைவிக்கு அனுப்பியதை அவர் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டி வாங்கினால், அந்த வட்டி உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும், சேமிப்பை உங்கள் என்ஆர்இ கணக்கில் போடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, நிதியாண்டின் கடைசியில், டிசம்பர் ஜனவரி வாக்கில் கிளம்பி வந்தவர்கள் அந்த ஆண்டில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருப்பார்கள், அந்த ஓரிரு மாத சிங்கப்பூர்ச் சம்பளத்தையும் இந்திய வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டி வரலாம். சம்பளம் பெரிதாக இருந்தால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா

கடன் இருந்தால் வேண்டாம். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க ஊரில் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு, வாங்கிவிட்டு வந்தவர்கள்தான் நம்மில் அதிகம். 1,000 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் காத்திருந்து, ரேட் 30 காசு ஏறினால் உங்களுக்குக் கிடைப்பது 300 ரூபாய். அதே 65,000 ரூபாயை அன்றே அனுப்பி அசலில் கழித்திருந்தால் அந்த இரண்டு வாரத்தில் மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 600 ரூபாய். ரேட் ஏறாமல் இறங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். கடனெல்லாம் அடைத்துவிட்டவர், சேமிப்புக்காக அனுப்புகிறவர், வேண்டுமானால் பார்த்து அனுப்பலாம், மற்றவர்கள் சம்பளம் வந்த வாரமே அனுப்பிவிடுங்கள். மாதம் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து அனுப்புவதும் கமிஷன் வாங்கும் இடத்தில் நஷ்டம்தான், பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வேண்டும் என்றால் அது வேறு.

கார்டும் சிங்பாஸும்

"உன் லிமிட் முடிஞ்சிருச்சு, என் பேர்ல அனுப்பித்தர்றேன்" என்று சொல்பவரிடமும், "உன் பேர்ல என் பணத்தைக் கொஞ்சம் அனுப்பேன்" என்று கேட்பவரிடமும் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது யார் பெயரில் போனதோ அவர்தான். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களிடம் "எப்படியும் கிளம்புறீங்க, ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் குடுங்க, ஐந்நூறு வெள்ளி தர்றேன்" என்று கேட்கும் கூட்டம் இருக்கிறது. மோசடிப் பணம் போக அவர்களுக்குக் கணக்கு வேண்டும், அவ்வளவுதான். வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ இப்படிக் கொடுத்தால் சிறைத் தண்டனை உண்டு, மறுபடி வேலைக்கு வருவதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

ஆப்பை ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வரும் 'இன்று மட்டும் ஸ்பெஷல் ரேட்' லிங்கைத் தொடாதீர்கள். சந்தை விலையைவிட அதிகமாக ஒருவர் ரேட் தருகிறார், அது முதல் முறைச் சலுகையும் இல்லை என்றால், அவர் எங்கிருந்து லாபம் பார்க்கிறார் என்று யோசித்தாலே போதும். சந்தேகம் வந்தால் சிங்கப்பூரின் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். ஊர் சிம்மையும் சாகவிடாதீர்கள், குறைந்த ரீசார்ஜாவது போட்டு வையுங்கள், என்ஆர்இ கணக்கில் அந்த எண்ணைக் கொடுத்திருந்தால் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும்.

பணம் வரவில்லை என்றால்

இந்தியாவில் வங்கிகளுக்கு இடையே பணம் போகும் ஐஎம்பிஎஸ், நெஃப்ட் என்ற இரண்டு முறைகளும் இப்போது ஞாயிறு உட்பட இரவும் பகலும் ஓடுகின்றன, அதனால் பொதுவாக அன்றே விழுந்துவிடும். ஒரு வேலை நாள் முழுதாகப் போயும் வரவில்லை என்றால் கடையிலோ ஆப்பிலோ யுடிஆர் எண்ணை (இந்திய வங்கிகள் அந்த வரவை அடையாளம் காணும் எண்) கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் சொந்த ரெஃபரன்ஸ் எண் ஊர் வங்கியில் செல்லாது, யுடிஆரைக் காட்டினால்தான் வங்கிக்காரரால் தேட முடியும். யுடிஆர் தரத் தயங்குகிறார்கள், இன்று தருகிறோம் நாளை தருகிறோம் என்கிறார்கள் என்றால் பணம் இன்னும் இந்தப் பக்கத்திலேயே இருக்கக்கூடும், ரசீதோடு நேரில் போய் நில்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நாணய ஆணையத்திடம் புகார், பணத்தோடு ஆளே காணவில்லை என்றால் நேராக போலீஸ்.

கணக்கு எண் தப்பாகப் போய் வேறொருவருக்கு விழுந்திருந்தால் அன்றே அனுப்பிய நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள், ஊரில் வீட்டுக்காரர்களைக் கிளை மேலாளரிடம் மனு கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கியவர் சம்மதித்தால்தான் திருப்பி எடுப்பது சுலபம், தாமதித்தால் அவர் செலவழித்திருப்பார்.

ரசீதுகளை எல்லாம் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் மாதத்தின் பெயரைப் போட்டு வையுங்கள். கடையில் தரும் தாளில் இருக்கும் மை சீக்கிரமே மங்கிவிடும், நாலு வருடம் கழித்து ஊரில் இடம் பதியும்போதோ வங்கிக் கடனுக்குப் போகும்போதோ இந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்பார்கள், அப்போது வெள்ளைத் தாளை நீட்ட முடியாது.